மறதிநோயுற்ற பெற்றோரைப் பேணுதல்: முதற்பாடம்



கண்ணாடியை வைத்த இடம் மறந்து, பின்னர் நினைவுக்கு வருவது முதுமையின் இயல்பு. நாற்பது ஆண்டுகள் புழங்கிய அடுக்களையில் அடுப்பைப் பற்றவைக்கும் முறையே மறப்பதும், பழகிய தெருவில் வீடு தெரியாது நிற்பதும் அத்தகையன அல்ல. இதனை மருத்துவர் டிமென்ஷியா என்பர். இது மூளையைப் பற்றும் நோய். பிடிவாதமும் அன்று, நடிப்பும் அன்று. இதன் ஒரு வகையை 1906-இல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் முதன்முதல் விளக்கினார். இந்தியாவில் 60 வயது கடந்தோருள் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு இந்நோய் உள்ளதென 2023-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. ஆதலின் இது ஒரு வீட்டின் இரகசியமாக மறைக்கத்தக்கதன்று.

முதற்படி: மருத்துவச் சோதனை

மறதி யாவும் தீராத நோயென்று முடிவு கட்டலாகாது. தைராய்டு குறைவும் பி12 வைட்டமின் குறைவும் மறதியை விளைவிக்கும். இவற்றுக்கு மருந்து உண்டு. பி12 தாவர உணவில் இயல்பாக இல்லை. பாலில் ஓரளவே உண்டு. எனவே புலால் உண்ணா நம் இல்லங்களில் இவ்விரத்தச் சோதனை இன்றியமையாதது. ஓரிரு நாளில் திடீரெனத் தோன்றும் குழப்பம் சிறுநீர்த் தொற்றாலும் நேரலாம். உடனே மருத்துவரிடம் செல்க. நம் மாவட்டத்தார்க்கு 2022-இல் திறக்கப்பெற்ற அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி அண்மையில் உள்ளது.

இரண்டாம் படி: பேசும் முறை

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற விதி. இங்கோ, அவருக்கு இன்னும் தெரிந்ததோடு நின்றுவிடுதலே விதி. "இன்று என்ன கிழமை? இவர் யார், சொல்லுங்கள்" எனத் தேர்வு வைக்கலாகாது. தவறைத் திருத்துவதால் நினைவு மீளாது. நாணமும் சினமுமே மிஞ்சும்.

மறைந்த கணவரைத் தாய் தேடுகிறார் எனக் கொள்வோம். "அப்பா இறந்து பத்தாண்டாயிற்றே" என்றால், ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதிய இழவு. அதற்காகப் பொய் கூறவும் வேண்டுவதில்லை. "அப்பா நினைவு வந்துவிட்டதா அம்மா? அவருக்கு எந்தக் குழம்பு பிடிக்கும்?" எனக் கேட்கலாம். வாய்மையும் கெடாது, உள்ளமும் புண்படாது. அஹிம்சை சொல்லிலும் வேண்டுமன்றோ?

மூன்றாம் படி: காப்பு

ரெட்டிபாளையம் பகுதியில் சுண்ணாம்புக்கல் சுரங்கக் குழிகளும் சிமெண்ட் லாரிகள் ஓடும் சாலைகளும் உள்ளன. வழிதவறி நடப்பவர்க்கு இவை பேரிடர். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டையை அவர் உடையில் வைக்க. தேநீர்க் கடையாருக்கும் பேருந்து நிறுத்தத்தில் இருப்போருக்கும் முன்னரே கூறி வைக்க. அவரைத் தனியே வைத்து வீட்டைப் பூட்டிச் செல்லலாகாது. ஓய்வூதியம், வங்கிக் கணக்கு, நிலப் பத்திரம் முதலியவற்றை அவருக்குத் தெளிவு உள்ளபோதே, அவரது விருப்பமறிந்து ஒழுங்குபடுத்துக.

நான்காம் படி: பேணுபவர் நலம்

பெரும்பாலும் மகளோ மருமகளோ ஒருவரே முழுச் சுமையையும் தாங்குகின்றார். உறக்கமிழந்தவரிடம் பொறுமையை எதிர்பார்த்தல் முறையன்று. வெளியூரிலுள்ள பிள்ளைகள் பணம் அனுப்புவதோடு அமையாது, மாதத்தில் சில நாள்களேனும் வந்து பொறுப்பேற்க வேண்டும். மனம் தளரும்போது 14416 என்னும் அரசு மனநல உதவி எண்ணையும், முதியோர்க்குரிய 14567 என்னும் எண்ணையும் அழைக்கலாம். 1992-இல் கேரளத்தில் டாக்டர் ஜேக்கப் ராய் தொடங்கிய அல்சைமர் சங்கமும் இந்நோயுடைய குடும்பங்களுக்கு வழிகாட்டி வருகின்றது.

பயிற்சி

இல்லத்தார் அனைவரும் கூடியமர்ந்து இரண்டு பட்டியல் எழுதுக. ஒன்று, அவர் இன்னும் தாமே செய்யவல்ல ஐந்து செயல்கள்: பூத்தொடுத்தல், பயறு பொறுக்குதல், துணி மடித்தல் போல்வன. அவற்றை நாள்தோறும் அவரிடமே விடுக. மற்றொன்று, வாரத்தின் ஏழு நாளும் எவர் எப்பொழுது உடனிருப்பார் என்பது. இரண்டாம் பட்டியலில் ஒரே பெயர் ஏழு முறை வருமாயின், அதனைக் கிழித்துவிட்டு மீண்டும் எழுதுக.