கடல் கடக்குமுன் ஊசிக் கணக்கு

தறியோசை கேட்கும் நம் பிள்ளையார்பாளையம் போன்ற ஊர்களிலிருந்தும் இன்று குடும்பங்கள் வேலை நிமித்தம் வெளிநாடு செல்கின்றன. பாஸ்போர்ட், விசா என்று அலையும் பெற்றோர், பிள்ளையின் தடுப்பூசி அட்டையை மறந்துவிடலாகாது.

சிங்கப்பூரில் நீண்டநாள் தங்கவரும் 12 வயது வரையிலான வெளிநாட்டுக் குழந்தைகள், தொண்டை அடைப்பான், தட்டம்மை இரண்டுக்கும் ஊசி போட்ட சான்றினை 2019 பிப்ரவரி முதல் காட்ட வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பள்ளியில் சேரவோ, பொன்னுக்கு வீங்கி, சின்னம்மை ஆகியவற்றுக்கும் ஊசி தேவை.

சிக்கல் இங்கேதான். நம் அரசுத் திட்டத்தில் 2017 முதல் தட்டம்மை–ரூபெல்லா ஊசி உண்டு. பொன்னுக்கு வீங்கிக்கும் சின்னம்மைக்கும் இல்லை. அவற்றைத் தனியார் மருத்துவரிடம் போட்டுக்கொள்ள வேண்டும். சின்னம்மை ஊசி இரண்டு தவணை. 13 வயதுக்குட்பட்டோருக்கு இடையே 3 மாதம் விடுவது வழக்கம். புறப்படும் வாரத்தில் ஓடினால் பயனில்லை.

“எல்லாம் போட்டாயிற்று” என்று அம்மா சொன்னால் மட்டும் போதாது. தேதியிட்ட பதிவு இல்லையேல், அமெரிக்க மருத்துவர்கள் பெரும்பாலும் மறுபடியும் ஊசி போடுவர்.

ஏன் இத்தனை கண்டிப்பு? தட்டம்மை கண்ட பிள்ளை வகுப்பை விட்டுச் சென்ற பின்னும், கிருமி 2 மணி நேரம் வரை காற்றில் தங்கும். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் சிறுமிக்கு அந்த ஊசி போட இயலாது. அருகில் அமரும் நாம் போட்டுக்கொண்ட ஊசியே அவளுக்கும் காவல்.

ஆதலால், இன்றே வீட்டில் நம் அட்டையைத் தேடி எடுப்போம். விடுபட்டதை மருத்துவரிடம் கேட்டறிவோம். பட்டுச்சேலைபோல் அதனைப் பத்திரப்படுத்துவோம்.