கல்லூரிப் பிள்ளைகள் எமது கிராமத்திற்கு வந்தால்



விடுமுறை தொடங்கியதும் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் படிக்கும் மாணவர்கள் தொண்டு செய்யவென்று குடியேற்றங்களுக்கும் மீளக்குடியமர்ந்த கிராமங்களுக்கும் வருகின்றார்கள். சில வீடுகளில் எமது பிள்ளையே கல்லூரியில் படித்துக்கொண்டு இன்னொரு கிராமத்திற்குத் தொண்டனாகப் போகின்றது. இந்த இரண்டு பக்கத்தையும் மனதிற் கொண்டே இப்பாடத்தை எழுதுகின்றோம்.

ஒரு குடியேற்றத்தில் நாம் கண்டதை முதலிற் சொல்லுகின்றோம். பத்துப் பதினைந்து மாணவர்கள் படிவங்களோடு வந்து, வீடு வீடாகக் குடும்ப விபரம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு வயதான அம்மா எழுதிக்கொண்டிருந்த பிள்ளையை நிறுத்தி, “தம்பி, போன மாதமும் வந்து இதைத்தான் கேட்டு எழுதினவை. எழுதினது காணும். இந்தக் கிணத்துத் தண்ணியைக் குடிக்கலாமோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ ராசா” என்றார். அந்தப் பிள்ளை விஞ்ஞானம் படிப்பவர். ஆனாலும் அவரிடம் மறுமொழி இருக்கவில்லை. பேனையைச் சட்டைப் பையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். அன்றைய தொண்டு அந்த இடத்திலேதான் தொடங்கியது என்று நாம் நினைக்கின்றோம்.

எமது நாட்டில் மாணவர் தொண்டுக்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. 1958ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்ன தமது மாணவர்களைக் குருநாகல் மாவட்டத்திலுள்ள கனத்தொலுவ என்ற கிராமத்திற்கு அழைத்துச் சென்றார். சாதியின் பெயரால் ஒதுக்கிவைக்கப்பட்ட மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். பட்டணத்துப் பிள்ளைகள் அவர்களோடு தங்கி, அவர்களோடு சேர்ந்து கிணறு வெட்டினார்கள், மலசலகூடம் கட்டினார்கள், தோட்டம் செய்தார்கள். அந்த முகாமிலிருந்துதான் சர்வோதய சிரமதான இயக்கம் வளர்ந்தது. 1969இல் ஆரியரத்னவுக்கு மகசேசே விருது கிடைத்தது. 2024 ஏப்ரலில் அவர் காலமானார். ஊருக்கு ஒரு கிணறு கிடைத்ததை விட, ஒதுக்கப்பட்டவர்களின் முற்றத்தில் மற்றவர்கள் இருந்து வேலை செய்ததே பெரிய காரியமென்று எமக்குப் படுகின்றது.

அயல்நாடான இந்தியாவில், காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. அதிற் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணித்தியாலமாக இரண்டு ஆண்டுகள் தொண்டு செய்தல் வேண்டும். ஏழு நாள் முகாமும் உண்டு. மணித்தியாலக் கணக்கு நல்லதுதான். ஆனால் மாணவருக்கு மணித்தியாலம் முடியும் நாளும் எமக்கு வேலை முடியும் நாளும் ஒன்றல்ல. நல்ல சமாரியன் உவமையை எண்ணிப் பாருங்கள். அவன் காயத்தைக் கட்டியதோடு போய்விடவில்லை. சத்திரக்காரனிடம் காசைக் கொடுத்து, கவனித்துக்கொள்ளச் சொல்லி, திரும்பி வருவதாகவும் சொல்லிப் போனான். மாணவர் போன பின்பு யார் பார்ப்பது என்பதை அவர்கள் வந்த முதல் நாளிலேயே கேட்டு வைப்பது முறை.

சரி, என்ன வேலை கொடுக்கலாம்? படித்த பிள்ளைக்கு மண்வெட்டி கொடுப்பதில் தவறில்லை. ஆனால் மண்வெட்டி பிடிக்க எமக்கே தெரியும். அவர்களிடம் கணக்கும் அளவும் இருக்கின்றன. அவற்றை வாங்கிக்கொள்வோம்.

கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினால் தண்ணீரின் ஆழம் தெரியும். வட்டக் கிணறானால் விட்டத்தை விட்டத்தாற் பெருக்கி, அதைத் தண்ணீரின் ஆழத்தாற் பெருக்கி, வருவதை 785ஆற் பெருக்க வேண்டும். அளவுகள் மீற்றரில் இருந்தால் விடை லீற்றரில் வரும். விட்டம் 3 மீற்றர், தண்ணீர் 2 மீற்றர் என்றால் 14,130 லீற்றர். நல்ல பிளீச்சிங் தூள் 1,000 லீற்றருக்கு இரண்டரைக் கிராம் வீதம் இந்தக் கிணற்றுக்கு ஏறத்தாழ 35 கிராம் போதும். தூளை வாளித் தண்ணீரிற் கரைத்து, சுண்ணாம்பு அடியில் அடைய விட்டு, தெளிந்த நீரை வேறு வாளியில் ஊற்றி, அதைக் கிணற்றுக்குள் இறக்கி நன்றாகக் கலக்க வேண்டும். இரவில் இட்டால் விடியும்வரை எவரும் அள்ளமாட்டார்கள். இது வழமையான அளவு. வெள்ளம் புகுந்த கிணற்றுக்கும் நெடுங்காலம் பாவியாது கிடந்த கிணற்றுக்கும் இது போதாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டே செய்யுங்கள்.

இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. பிளீச்சிங் தூள் கிருமியைக் கொல்லும். உவரையும் நைத்திரேற்றையும் எடுக்காது. யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் பசளையும் மலசலகூடக் கழிவும் எளிதாகக் கிணற்று நீரைச் சேர்ந்துவிடுகின்றன. நைத்திரேற்றுக் கூடிய நீரைக் கொதிக்க வைத்தாலும் அது குறையாது, நீர் வற்றும்போது செறிவு கூடும். அந்த நீரிற் பால்மா கரைத்துக் கொடுப்பது கைக்குழந்தைக்கு ஆபத்து. ஆகவே ஆய்வுகூடப் பரிசோதனைக்கு நீர் எடுத்துச் செல்வதும், விடையைத் திரும்பக் கொண்டுவந்து ஊரவர் முன் வாசிப்பதும் மாணவருக்கு மிகப் பொருத்தமான வேலை. விடை வராத பரிசோதனைகளால் எம்மவர் களைத்துப் போயிருக்கின்றார்கள்.

யுத்தம் நடந்த இடங்களிற் பாழ்பட்டுக் கிடந்த கிணற்றில் எந்த மாணவரையும் இறக்க வேண்டாம். வெடிபொருள் கிடக்கலாம். கண்ணிவெடி அகற்றுவோர் பார்த்த பின்பே அதைத் தொட வேண்டும். வெடிபொருள் இல்லாவிட்டாலும் ஆழக் கிணற்றின் அடியில் மூச்சுக்குக் காற்று இல்லாதிருக்கும். ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுந்துவிடுவார். பெற்றோர் நம்பி அனுப்பிய பிள்ளைகள் அவர்கள்.

காலபோகத்திற்கு முன்பு வரும் மாணவருக்கு விதைநெல் முளைதிறன் பார்க்கும் வேலை கொடுக்கலாம். இடம்பெயர்ந்தவர்களிடம் சொந்த விதை இருப்பதில்லை. கொடுத்ததை வாங்கி விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கின்றோம். மூடையின் மேல், நடு, அடி மூன்றிலுமிருந்து எடுத்துக் கலந்து, நூறு மணிகளை எண்ணி, நனைந்த சாக்குத் துண்டிற் சுருட்டி நிழலில் வையுங்கள். காயவிடாமல் தண்ணீர் தெளித்து ஏழாம் நாள் எண்ணுங்கள். 85 முளைத்தால் வழமைபோல ஏக்கருக்கு இரண்டு புசல் வீசி விதைக்கலாம். 70தான் முளைத்தால் ஏறத்தாழ இரண்டரைப் புசல் வேண்டும். அதிலும் நன்றாகக் குறைந்தால் அந்த நெல்லைக் குற்றிச் சாப்பிடுவதே மேல். மருந்து பூசிய விதையானால் அதுவும் கூடாது. எண்ணிய கணக்கை மாணவர் எழுதி, திகதியிட்டு, விதை பெற்றவர்களின் ஒப்பத்தோடு கமநல சேவை நிலையத்திற்குக் கொடுக்கட்டும். வெறும் வாயால் முறையிடுவதற்கும் நூறு மணியை எண்ணிக் காட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு.

வந்தவர்களை உபசரிப்பது எமது வழக்கம். இருந்த ஒரு கோழியையும் அடித்துக் கறி வைத்த வீட்டை நாம் அறிவோம். வேண்டாம். அவர்கள் அரிசி கொண்டுவரட்டும், நாம் கீரை பிடுங்குவோம், ஒரே பானையிற் சமைத்துச் சேர்ந்து உண்போம்.

இனி எமது பிள்ளை தொண்டுக்குப் போவது பற்றி. “நாங்களே நிவாரணத்தில இருந்தனாங்கள், இவன் ஏன் மற்றவைக்கு வேலை செய்ய வேணும்?” என்று ஒரு தகப்பன் எம்மிடம் கேட்டார். கேள்வி நியாயமானது. விதைப்பு நேரத்தில் ஒரு கை குறைவது சின்னக் காரியமல்ல. ஆகையால் விதைப்பிலும் அறுவடையிலும் வீட்டில் நிற்கட்டும், இடைப்பட்ட கிழமைகளிற் போகட்டும் என்று பேசி முடித்தோம். அவர் முழுமனதோடு சம்மதித்தாரென்று சொல்ல மாட்டோம். ஆனால் தறப்பாளின் கீழ் மழை இரவைக் கழித்த பிள்ளைக்கு, இன்னொரு முகாமில் எங்கே வாய்க்கால் வெட்ட வேண்டுமென்று ஒருவரும் காட்ட வேண்டியதில்லை.

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்திலோ செபக் கூட்டத்தின் பின்போ இவற்றைப் பேசிப் பாருங்கள்: எங்கள் ஊரில் எத்தனை குடிநீர்க் கிணறுகள் உண்டு? எது எது மலசலகூடத்திற்கு 50 அடிக்குள் இருக்கின்றது? இம்முறை விதைநெல் எப்போது வரும், அதற்கு ஏழு நாள் முன்பின்னாக எந்த மாணவர் இங்கே நிற்பார்கள்? அவர்கள் போன பின்பு கயிறும் அளவுகோலும் எவர் வீட்டில் இருக்கும்?