மலைமேய்ப்பரும் நம் கிடையும்

பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற நம் விருத்தாசலத்தில் கிடை கட்டுவதன் பயனை அறியாத உழவர் இலர். ஆயினும் கிடையோடு வருபவரை இலக்கின்றித் திரிபவர் என்றே நாம் எண்ணிவிடுகிறோம். அவர்தம் பயணத்திற்கு ஓர் ஒழுங்கு உண்டு.

முதற்கண் மத்திய ஆசியாவின் கிர்கிஸ்தானை நோக்குவோம். தியான் ஷான் மலைகள் பரந்த அந்நாட்டின் சராசரி உயரம் ஏறத்தாழ 2,750 மீட்டர். கோடையில் மேய்ப்பர் 'ஜைலூ' எனும் உயர்ந்த புல்வெளிக்கு ஏறுவர். குளிருக்குமுன் பள்ளத்தாக்கிற்கு இறங்குவர். அவர்கள் தங்குவது கம்பளிக் கூடாரம். நெசவாளர் கவனிக்க: அக்கம்பளிக்கு நூற்பும் இல்லை, தறியும் இல்லை! ஆட்டுமயிரைப் பாயிற் பரப்பி, வெந்நீர் தெளித்து, சுருட்டி மிதிப்பர். மயிர்கள் பின்னி இறுகிவிடும். ஷிர்தாக், ஆலா-கியிஸ் என்னும் இவ்வகை விரிப்புக் கலையை, உடனடிப் பாதுகாப்பு வேண்டும் மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ 2012-இல் சேர்த்தது. குதிரைப்பாலை அம்மக்கள் தோற்பையில் புளிக்கவைத்தனர். இடம்பெயர்வோனுக்கு உடையும் கலம் உதவாதன்றோ!

1991-இல் அந்நாடு விடுதலை பெற்றபின் சோவியத் காலக் கூட்டுப்பண்ணைகள் கலைந்தன. தொலைவு செல்ல வசதியற்றோர் ஊரருகிலேயே மேய்த்தனர். அங்கே புல் தேய்ந்தது. மலைப்புல்லோ மேய்வாரின்றிக் கிடந்தது. 2009-ஆம் ஆண்டுச் சட்டம் மேய்ச்சல் நில நிர்வாகத்தை மேய்ப்போரின் சங்கங்களிடம் ஒப்படைத்தது. கூட்டுறவாளராகிய நாம் எண்ணத்தக்க செய்தி இது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதி மேய்ப்பர், கீதாரி என்னும் தலைவரின் கீழ் மந்தைகளைச் சேர்த்துக்கொண்டு, சம்பா அறுவடைக்குப்பின் தஞ்சைப் பகுதிக்குச் செல்வர். பகலில் அரிதாளும் வரப்புப் புல்லும் மேய்ச்சல். இரவில் வயலில் கிடை. கூலி நெல்லாகவோ பணமாகவோ கிடைக்கும். மறுசாகுபடி தொடங்குமுன் திரும்புவர். அங்கே பனி நாள் குறிக்கிறது. இங்கே அரிவாள் குறிக்கிறது.

இவ்வாடுகளுக்கு உள்ளது குறுமயிரே; தறிக்கு உதவாது. மண்ணுக்கோ பெருஞ்செல்வம். ஆட்டெருவில் தழைச்சத்து சுமார் 3 விழுக்காடு. தொழுவுரத்தில் அரை விழுக்காடே. கொட்டிலில் வீணாகும் சிறுநீரும் கிடையில் நிலத்தையே சேர்கிறது.

இன்று இயந்திரம் அறுத்த மறுவாரமே அடுத்த பயிர் ஏறும் வயல்களில் கிடைக்கு இடமில்லை. வாய்ச்சொல் ஏற்பாடு தவறினால், மந்தையோடு நடுவழியில் நிற்பவர் கீதாரியே. எவ்வயல் எந்நாள் ஒழியும் என்பதை உறுப்பினர் சங்கத்தில் முன்கூட்டியே எழுதிவைத்து, கூலியையும் மந்தை செல்லும் வழியையும் அவருடன் பேசி முடிக்கலாம். கிடை எழுந்தவுடன் நிலத்தை உழுதுவிடல் வேண்டும். வெயிலிற் கிடந்தால் தழைச்சத்து காற்றோடு போய்விடும்.