ஆறரை மீட்டர்ப் படகில் அட்லாண்டிக் பெருங்கடல்



இவ்வாண்டு ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு உலகப் படத்தில் காற்றோட்டங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஆப்பிரிக்காவிற்கு மேற்கேயுள்ள கனேரித் தீவுகளிலிருந்து அமெரிக்கக் கண்டத்தை நோக்கி வீசும் வடகிழக்கு வாணிபக் காற்றைப் பற்றியும், 1492-இல் கொலம்பசின் மரக்கலங்கள் அக்காற்றின் துணைகொண்டே மேற்கு நோக்கிச் சென்றமை பற்றியும் கூறினேன். அப்பொழுது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, ஒரே ஓர் ஆள் சின்னப் படகுல அப்படிப் போக முடியுமா?" என்று வினவினான். முடியும் என்றேன். அதற்கென்றே ஈராண்டுக்கு ஒருமுறை ஒரு போட்டி நடைபெறுகின்றது என்றும் கூறினேன். வகுப்பில் ஒருவரும் நம்பவில்லை.

ஆகவே சுண்ணாம்புத் தூளுடன் மாணவரைத் திடலுக்கு அழைத்துச் சென்று, நீளம் ஆறரை மீட்டர், அகலம் மூன்று மீட்டர் என ஒரு படகின் வடிவத்தை வரைந்தோம். 'மினி டிரான்சாட்' எனப்படும் அப்போட்டியில் எந்தப் படகும் இவ்வளவைத் தாண்டக்கூடாது. வகுப்பு மாணவர் அனைவரும் அக்கோட்டிற்குள் நெருங்கி அமர்ந்தனர். உண்மைப் படகிலோ ஒருவர்தான் இருப்பார். பாயும் கயிறும், உணவும் நீரும் போக எஞ்சிய இடத்தில் அவர் நிமிர்ந்து நிற்கவும் இயலாது.

இப்போட்டி தோன்றிய வரலாறு அறியத்தக்கது. 1960-இல் ஐந்து பேர் ஆளுக்கொரு படகில் தனியராய் அட்லாண்டிக்கைக் கடந்து போட்டியிட்டனர். இங்கிலாந்தின் பிளிமத் துறையிலிருந்து நியூயார்க் வரை 40 நாளில் சென்று முதலாவதாக வந்தவர் பிரான்சிஸ் சிச்செஸ்டர். அப்போட்டிக்கு வித்திட்ட ஹாஸ்லர் 48 நாளில் வந்து சேர்ந்தார். அவருடைய 25 அடிப் படகில் இருந்தது சீன மரக்கலங்களின் முறையில் அமைந்த ஒற்றைப் பாய். முற்காலத்தில் பினாங்குத் துறையில் நம் பெரியோர் கண்ட அதே வகைப் பாய்தான். மேல்தளத்திற்கு வராமல் உள்ளிருந்தபடியே அதனை ஏற்றவும் இறக்கவும் கூடும் என்பதே அதன் சிறப்பு.

ஆண்டுகள் செல்லச் செல்லப் பணம் புகுந்தது, படகுகள் நீண்டன. 1976-இல் அலன் கொலா என்னும் பிரெஞ்சு வீரர் நான்கு பாய்மரங்கள் கொண்ட 72 மீட்டர்க் கப்பலைத் தனியே செலுத்திப் போட்டியிட்டார். வெற்றி பெற்றவர் அவரல்லர், எரிக் தபார்லி. கொலாவுக்கு அடுத்து மூன்றாவதாகக் கரை சேர்ந்தது மைக் பர்ச் என்பாரின் பத்து மீட்டருக்கும் குறைந்த படகு. இடைவழியில் பிறர் உதவி பெற்றமைக்காகக் கொலாவின் கணக்கில் நேரம் கூட்டப்படவே, அச்சிறு படகு அவரையும் முந்தி இரண்டாம் இடம் பெற்றது.

செல்வர்க்கும் பெரு நிறுவனங்களுக்கும் மட்டுமே உரியதாய்க் கடலோட்டப் போட்டி மாறிவருவதைக் கண்ட பாப் சால்மன் என்னும் ஆங்கிலேயர், படகின் நீளத்திற்கு ஆறரை மீட்டர் என எல்லையிட்டு 1977-இல் புதிய போட்டி ஒன்றைத் தொடங்கினார். பென்சான்சிலிருந்து கனேரித் தீவுகளின் தெனரீஃப் வழியாக ஆன்டிகுவா வரை சென்ற அம்முதற்போட்டியில் வென்றவர் தானியல் கிலார் என்னும் பிரெஞ்சுக்காரர். 1985 முதல் போட்டி பிரான்சிலிருந்தே தொடங்குகின்றது. இன்று புதுப் படகின் விலை மலிவு என்று நான் கூறமாட்டேன். ஆயினும் பழைய படகை வாங்கித் தம் கையாலேயே செப்பனிட்டுச் செல்வோர் இன்றும் உளர்.

சிறு படகு எவ்வாறு விரைகின்றது? நீரைக் கிழித்துச் செல்லும் படகின் வேகம் அதன் நீளத்தைப் பொறுத்தது. ஆறரை மீட்டர்ப் படகு இவ்வாறு மணிக்கு ஏறத்தாழ 6 கடல் மைல்தான் செல்லும். (ஒரு கடல் மைல் 1,852 மீட்டர்.) ஆனால் எடை ஏறத்தாழ ஒரு டன்னே ஆதலால், பின்காற்று வலுக்கும்பொழுது அது நீரின் மேலெழுந்து வழுக்கி ஓடும். அப்பொழுது வேகம் இருமடங்கிற்கும் மேலாகும். படகின் முன்பகுதியாகிய அணியம் கூராக இருத்தல் வேண்டும் என்பது நெடுநாள் வழக்கு. 2011-இல் தாவீத் ரேசோன் ஓட்டிய படகின் அணியமோ தேக்கரண்டியின் முனைபோல் உருண்டிருந்தது. கண்டோர் வியந்தனர். அப்படகே அவ்வாண்டு வென்றது; அதன்பின் பலரும் அவ்வாறே கட்டலாயினர்.

கடலில் அவர்கள் கைத்தொலைபேசி, செயற்கைக்கோள் தொலைபேசி எவற்றையும் பயன்படுத்தலாகாது. தாள் வரைபடத்தில் தாமே வழி குறித்து, வானொலியில் வரும் வானிலைச் செய்தியைக் கேட்டெழுதிக்கொள்ள வேண்டும். கனேரித் தீவுகளுக்கு அப்பால் ஏறத்தாழ 2,700 கடல் மைல், இரண்டு மூன்று வாரம், வீட்டாரின் குரலே கேளாது. உறக்கமும் துண்டு துண்டாகத்தான். தொடுவானில் தோன்றும் பெருங்கப்பல் இருபது நிமிடத்தில் அருகே வந்துவிடக்கூடும். ஆதலால் தானியங்கிச் சுக்கானிடம் படகை ஒப்படைத்துவிட்டு, அலாரம் வைத்து, அவ்வளவு நேரமே கண்ணயர்வர்.

இதனைக் கேள்வியுற்ற ஒரு தாயார் பள்ளி வாயிலில் என்னிடம், "உசுருக்கு ஆபத்து இல்லீங்களா ஐயா?" என்று கேட்டார். ஆபத்து உண்டு, இப்போட்டியில் உயிரிழந்தோரும் உளர். அதனால்தான் படகில் நீர் நிறைந்தாலும் மூழ்காதபடி மிதவைப் பொருள் அடைத்தல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. போட்டிக்கு முன் 1,000 கடல் மைல் இடைநில்லாது தனியே ஓட்டிக் காட்டாதவர்க்கு அனுமதியும் இல்லை.

எலன் மக்ஆர்தர் என்னும் ஆங்கிலப் பெண்மணி கடலே இல்லாத டெர்பிஷயர் மாவட்டத்தில், ஆசிரியப் பெற்றோர்க்குப் பிறந்தவர். பள்ளியில் மதிய உணவுக்கெனக் கொடுத்த காசைப் பல ஆண்டுகள் மிச்சம் பிடித்து எட்டடிப் படகொன்றை வாங்கினார். (மாணவர்களே, நீங்கள் சிற்றுண்டிச்சாலைக் காசை மிச்சம் பிடிக்க வேண்டா; வயிறார உண்ணுங்கள்!) 1995-இல் பிரிட்டன் தீவைத் தனியே சுற்றி வந்தார். அட்லாண்டிக் போட்டிக்குப் பண உதவி வேண்டி ஏறத்தாழ 2,500 கடிதங்கள் எழுதினார். மறுமொழி வந்தவை இரண்டே. இருப்பினும் 1997-இல் தம் 21-ஆம் வயதில் மினி டிரான்சாட் போட்டியில் கலந்துகொண்டு மார்த்தினிக் தீவை அடைந்தார். 2005-இல் உலகைத் தனியே 71 நாள் 14 மணி நேரத்தில் சுற்றி அந்நாளைய சாதனையை நிகழ்த்தியவரும் அவரே.

1997-இல் அவர் பெற்ற இடம் பதினேழு. அதைக் கேட்டதும் வினா எழுப்பிய மாணவன் சற்று முகம் வாடினான். பின்னர், பதினேழாவதாக வந்தவருக்கும் பரிசு உண்டா என்று கேட்டான். இல்லை என்றேன்.

திடலில் வரைந்த படகை மறுநாளே மழை அழித்துவிட்டது. மாணவர் அதனை மீண்டும் வரைந்துள்ளனர். பரிசளிப்பு விழாவுக்கு வரும் பெற்றோர் கொடிக்கம்பத்தின் இடப்பக்கம் அதனைக் காணலாம். உள்ளே இறங்கி அமர்ந்தும் பார்க்கலாம்.