பால்மரக் காட்டிலிருந்து தாமானுக்கு: பச்சையும் நம்ம உடம்பும்

மரம் நல்லது, பூங்கா நல்லது என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டோம். எப்படி நல்லது, அது யாருக்குக் கிடைக்குது என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். இந்த மாதப் பாடத்தில் அதை ஈப்போவை வைத்தே பார்ப்போம்.

தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்கு வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு முதல் பாடம் ஏற்கனவே தெரியும். பத்து மணிக்கு மேல் தார்ச்சாலை கொதிக்கும். ஒரு மர நிழல் வந்தால் கால் தானாக அந்தப் பக்கம் போகும். அதே வெயில், அதே சாலை, ஆனால் நிழல் விழுந்த இடத்தில் தார் சூட்டைச் சேர்த்து வைக்கவில்லை. மரம் இன்னொரு வேலையும் செய்யுது. வேர் உறிஞ்சிய தண்ணீரை இலை வழியாக ஆவியாக்குது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வெப்பம் வேண்டும். ஒரு பெரிய மரம் நாளைக்கு 100 லிட்டர் ஆவியாக்குது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டுப் பாருங்க: 240 மெகாஜூல், அதாவது சுமார் 67 கிலோவாட் மணி. ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் நாள் முழுக்க ஓடி வெளியேற்றும் வெப்பமும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். நம்ம நாட்டுக் காற்றில் ஈரம் ஏற்கனவே அதிகம் என்பதால் ஆவியாதலால் வரும் சுகம் கொஞ்சம் குறையும். இங்கே நிழல்தான் பெரிய ஆயுதம்.

சரி, உடம்புக்கு? 1984-ல் ரோஜர் உல்ரிச் என்பவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்த 46 பேர். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மாத்திரையும் குறைவாகவே கேட்டார்கள். 46 பேர் சின்ன எண்ணிக்கைதான். அதனால் 2008-ல் வந்த மிட்செல், போப்ஹம் ஆய்வையும் சேர்த்துப் பார்க்கணும். இங்கிலாந்தில் 4 கோடிப் பேரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஏழைகள் பணக்காரர்களைவிட முன்னதாக இறப்பது எங்கும் உள்ளதுதான். ஆனால் பச்சை அதிகமுள்ள வட்டாரங்களில் அந்த இடைவெளி குறைவாக இருந்தது. பச்சை ஒன்றே காரணம் என்று இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. இருந்தாலும் பூங்காவைப் பணக்காரர் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இதை இரண்டு தடவை படிக்கணும்.

இங்கே நம்ம கதைக்கு வருவோம். 1877-ல் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பிறகு அந்த மரம் மலாயா முழுக்கப் பரவியது, அதற்குப் பின்னாலேயே நம்ம முன்னோர்கள் கப்பலேறி வந்தார்கள். தோட்டத்தில் வாழ்ந்தவர்களைச் சுற்றி நாலு பக்கமும் பச்சை. அப்படியென்றால் அவர்கள் ஆரோக்கியமாக இருந்தார்களா? இல்லை. ஆரம்ப காலத்தில் மலேரியாவும் கொக்கிப்புழுவும் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோயின. பின்னாளில் முதுகில் டாங்கி சுமந்து பாராகுவாட் மருந்து அடித்தவர்களில் நிறையப் பேர் பெண்கள். அந்த மருந்துக்கு இந்த நாட்டில் முழுத் தடை வந்ததே 2020-ல்தான். "அந்தக் காலத் தோட்டம் சொர்க்கம்" என்று யாராவது ஆரம்பித்தால் இதையும் ஞாபகப்படுத்துங்க.

ஆனால் ஒன்று உண்மை. என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் பால் வெட்டியவர். விடிவதற்கு முன்னே பெரட்டுக்குப் போய், உளியோடு ஒரு நிரை முழுக்க மரம் மரமாக நடந்து, மறுபடி வாளியோடு அதே நிரையைச் சுற்றி வருவார். இன்றைக்கு ஈப்போவில் அடுக்குமாடியில் நாலாவது மாடி. லிப்ட் அடிக்கடி கெட்டுப்போகும். கீழே இறங்கினாலும் உட்கார நிழல் கிடையாது, கார் நிறுத்துமிடம்தான். காலையில் ஊசி, மாத்திரை, அப்புறம் தொலைக்காட்சி. "நடக்கச் சொல்றாங்கடா, எங்க போய் நடக்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் ஐந்து பெரியவர்களில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களில் பத்துக்கு மூன்று பேர், மற்ற இனங்களைவிட அதிகம். சாப்பாடு, பரம்பரை எல்லாம் காரணம்தான், யாரும் மறைக்கவில்லை. ஆனால் தோட்டம் துண்டாடப்பட்டு, செம்பனையாகி, பிறகு வீடமைப்பாக மாறியபோது நம்ம ஆட்கள் இழந்தது வேலையும் லயத்து வீடும் மட்டுமல்ல. திடல், கோயில் மரம், நடக்கிற தூரம் எல்லாம் சேர்ந்து போனது.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை ஓர் அளவு சொல்லுது: வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள், அதாவது ஐந்து நிமிட நடையில், அரை ஹெக்டேராவது பசுமைத் திடல் இருக்கணும். ஈப்போவில் பூங்கா இல்லாமல் இல்லை. குனோங் லாங் இருக்கு, போலோ திடல் இருக்கு. நகரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து 1969-ல் மறைந்த டி.ஆர். சீனிவாசகம் பெயரிலேயே ஒரு பூங்கா இருக்கு. பக்கத்துத் தைப்பிங்கில் 1880-லேயே கைவிட்ட ஈயச் சுரங்கத்தை ஏரிப் பூங்காவாக மாற்றிக் காட்டினார்கள். ஆனால் கார் ஓட்டத் தெரியாத பாட்டிக்கு குனோங் லாங் சிங்கப்பூர் மாதிரி தூரம். புதிய வீடமைப்புகளில் 10 விழுக்காடு திறந்தவெளி விடச் சொல்லும் வழிகாட்டி நம்ம நாட்டில் உண்டு. பல தாமான்களில் அந்தப் பத்து விழுக்காடு எங்கே என்று தேடினால், கால்வாய் ஓரத்து நீளத் துண்டாகவோ வெயில் காயும் புல்தரையாகவோ இருக்கும். விளக்கு இல்லையென்றால் மாலையில் பெண்கள் அந்தப் பக்கமே போக மாட்டார்கள்.

கிளைகளுக்கு இந்த மாத வேலை இதுதான். உங்க வீட்டு வாசலிலிருந்து 400 அடி எடுத்து வைத்து நடங்க, அது சுமார் 300 மீட்டர். எத்தனை மரம், எத்தனை பெஞ்சு, ராத்திரி விளக்கு எரியுதா, சக்கர நாற்காலி போகுமா என்று எழுதி வைங்க. அதே தாளை மாநகர் மன்றத்துக்கு அனுப்பலாம்.

இரண்டாவது, கோயில் வளாகம். தலவிருட்சம் என்று பெருமையாகப் பேசிவிட்டு, மரத்தைச் சுற்றி அடிவரை சிமெண்டு பூசி வைத்திருக்கிறோம். வேர் எப்படி மூச்சு விடும்? மரத்தைச் சுற்றி மூன்று நான்கு அடியாவது மண் விடச் சொல்லி நிர்வாகத்திடம் மரியாதையாகப் பேசுங்க. புதிதாக நடுவதானால் வேம்பு, புன்னை மாதிரி மரங்கள் நல்லது. அரசும் ஆலும் சுவரையும் கால்வாயையும் பிளக்கும், அதற்குத் தள்ளியே இடம் வேண்டும். மேலே மின்கம்பி போகுதா என்று முதலில் அண்ணாந்து பாருங்க. தேங்கிய தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்கு வீடு, அதனால் தொட்டித் தட்டுகளை வாரம் ஒரு தடவை கவிழ்க்கணும். அக்டோபர் மழையில் நட்டால் கன்று சீக்கிரம் பிடிக்கும். மழை விட்டதும் தண்ணீர் ஊற்ற யார் யார், எந்தெந்தக் கிழமை என்று பெயர்ப்பட்டியலை நடும் நாளன்றே எழுதிக் கோயில் பலகையில் ஒட்டிவிடுங்க.