திரும்பி வந்த அரிசி என்ன சொல்கிறது?

"சார், கருப்புக் கவுனி ஒரு கிலோ ரிட்டர்ன் கேட்டிருக்காங்க. உள்ளே வண்டு இருக்காம்." எங்கள் குழுவில் இணைய விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் தம்பி வந்து சொன்னபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மருந்து வைக்காத அரிசின்னா வண்டு வரத்தான் செய்யும். அப்படியே எழுதிப் போடு" என்றேன். அவரும் எழுதிப் போட்டார். இரண்டே நாளில் நாங்கள் எழுதிய பதிலையும் சேர்த்து, ஒற்றை ஸ்டாரோடு, அந்த அம்மா விமர்சனம் எழுதிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன். வண்டு இருந்தது. அதே மூட்டையிலிருந்து ஏற்கெனவே பதினோரு பொட்டலம் போயிருந்தது. எந்த ஊருக்குப் போனது என்று சொல்ல எங்களிடம் ஒரு குறிப்பும் இல்லை. அந்தப் பெயரில் நான்கு உழவர்களின் நெல் விற்றுக்கொண்டிருந்தது. என் வாய்த்துடுக்குக்கு நால்வரும் விலை கொடுத்தார்கள்.

வங்கியில் செக் திரும்பினால் கூடவே ஒரு சீட்டு வரும். கணக்கில் பணம் இல்லை, கையெழுத்து ஒத்துப்போகவில்லை, தேதி சரியில்லை என்று காரணம் அதில் இருக்கும். ஒவ்வொரு காரணத்துக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு. சீட்டைப் படிக்காமல் வாடிக்கையாளரிடம் சண்டைக்குப் போகிற அதிகாரி இல்லை. பணியில் இருந்தவரை தினமும் செய்த காரியத்தை, சொந்தப் பொருள் திரும்பும்போது மறந்துவிட்டேன். இந்தப் பாடம் அதைப் பற்றியதுதான்.

சட்டம் சொல்வது

நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள் 2020-இல் வந்தன. இணையச் சந்தையில் விற்கிற நமக்கும் அவை பொருந்தும். பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, நாம் விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டாலோ, சொன்ன தேதிக்குப் பிறகு போய்ச் சேர்ந்தாலோ திருப்பி எடுக்கவோ பணம் கொடுக்கவோ மறுக்க முடியாது. புயல், வெள்ளம் போல நம் கையில் இல்லாத காரணத்தால் தாமதமானால் அது வேறு. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் 'கிடைத்தது' என்று பதில் போக வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதற்கென்று ஒருவரைப் பொறுப்பாக நியமிக்க வேண்டும். இன்னொன்று: விற்பவரே வாங்கியவர் போல விமர்சனம் எழுதக் கூடாது. மச்சானை விட்டு ஐந்து ஸ்டார் போடச் சொல்கிற யோசனை வேண்டாம்.

காரணத்தைப் பிரித்துப் பாருங்கள்

1. நம் தவறு. வண்டு, கல், எடைக் குறைவு, சிக்கு வாடை, மாப்பிள்ளைச் சம்பா கேட்டவருக்குக் காட்டுயானம் போனது. பேசவே வேண்டாம். மன்னிப்புக் கேட்டு, பணத்தையோ மாற்றுப் பொருளையோ கொடுங்கள்.

2. வழியில் நேர்ந்தது. எண்ணெய் பாட்டில் உடைந்தது, பை கிழிந்தது. வாங்கியவரைப் பொறுத்தவரை இதுவும் நம் தவறுதான். அவரைக் கூரியர்காரரிடம் அனுப்பாதீர்கள். அவர் கணக்கை முதலில் முடித்துவிட்டு, தளத்திடமோ கூரியரிடமோ நாம் இழப்பீடு கேட்கலாம்.

3. நாம் எழுதாமல் விட்டது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். டிசம்பரில் டெல்லிக்குப் போன பாட்டில் வெள்ளையாகக் கட்டிப்போய் நின்றால் 'கெட்டுவிட்டது' என்று அவர்கள் நினைப்பதில் என்ன தப்பு? தேன் குருணை கட்டுவதும், செக்கு எண்ணெயில் அடியில் கசடு நிற்பதும் இப்படித்தான். விற்பனைப் பக்கத்தில் இரண்டு வரி, பொட்டலத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் இந்தப் புகார் பாதிக்கு மேல் வந்திருக்காது என்பது என் அனுபவம்.

4. மனம் மாறியது, அல்லது ஏமாற்று. 'வேண்டாம்' என்று சொல்வதற்குத் தளத்தின் விதி என்னவோ அதுதான் நமக்கும். திரும்பிய பெட்டியில் வேறு பொருள் இருந்ததும் உண்டு. அதனால் திரும்பி வருகிற பெட்டியைக் கேமரா முன்னால்தான் பிரிக்க வேண்டும். இழப்பீடு கேட்கத் தளங்கள் நாள் கெடு வைத்திருக்கும். உங்கள் தளத்தின் கெடுவைச் சுவரில் எழுதி வையுங்கள்.

வண்டு விஷயத்தில் யார் பொய்?

யாரும் பொய் சொல்லவில்லை. அரிசி வண்டு மணியில் துளை போட்டு முட்டையிட்டு, துளையை மூடிவிடும். புழு உள்ளேயே வளர்ந்து வண்டாக வெளியே வர நம் ஊர் வெப்பத்தில் சுமார் ஒரு மாதம் ஆகும். பொட்டலம் போடும்போது நம் கண்ணுக்குச் சுத்தமான அரிசி. பிரிக்கும்போது அவர்கள் கண்ணுக்கு வண்டு. 'இயற்கைன்னா அப்படித்தான்' என்பது பதில் ஆகாது. வண்டில்லாமல் கொடுப்பது நம் வேலை.

அந்த மூட்டைக்குப் பிறகு நாங்கள் மாற்றிக்கொண்டது இவ்வளவுதான். நெல்லை நன்றாகக் காயவைத்து நெல்லாகவே வைத்திருக்கிறோம். உமி இருக்கும்வரை அதற்குப் பாதுகாப்பு. ஆர்டர் பார்த்து அரைக்கிறோம். காற்றை உறிஞ்சி எடுத்த பையில் அடைக்கிறோம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய, ஓட்டை போட்ட குழாய்ப் பொறியை மூட்டைக்குள் செருகி வைக்கிறோம்; வண்டு நடமாட்டம் முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு லாட் எண். யாருடைய நெல், எந்தத் தேதியில் அரைத்தது, எந்த ஆர்டருக்குப் போனது என்று நோட்டில் இருக்கும். ஒவ்வொரு லாட்டிலும் கால் கிலோவை ஒரு பாட்டிலில் எடுத்து வைக்கிறோம். புகார் வந்தால் முதலில் அந்தப் பாட்டிலைப் பார்க்கிறோம். அதிலும் வண்டு இருந்தால் அந்த லாட் விற்பனை அன்றே நிற்கும். தீர்ப்பை என் கோபம் எழுதுவதில்லை, பாட்டில் எழுதுகிறது.

பதில் எப்படி எழுதுவது?

எங்கள் தம்பி இப்போது அனுப்புவது இது: "வணக்கம் அம்மா. உங்களுக்கு இப்படி நேர்ந்ததற்கு வருந்துகிறோம். பொட்டலத்தின் மேல் உள்ள லாட் எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்ப முடியுமா? நாளை மாலைக்குள் எங்கள் முடிவைச் சொல்கிறோம்." படம் கேட்பது சந்தேகத்தால் அல்ல என்பது தொனியில் தெரிய வேண்டும். சொன்ன நேரத்தில் பதில் போக வேண்டும். வேளாண்மை வகுப்பு எடுக்காதீர்கள். மனக்குறை தீராவிட்டால் அவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். அதுவும் அவர்கள் உரிமை.

கணக்கு

உதாரணத்துக்கு ஒரு கிலோ ரூ.200. நெல், அரவை, பை எல்லாம் ரூ.130, கமிஷன் ரூ.15; அனுப்பும் கூலி ரூ.35. நிற்பது ரூ.20. அது திரும்பினால், கமிஷன் நமக்குத் திரும்பக் கிடைத்தாலும், சரக்கு 130, போன கூலி 35, வந்த கூலி 35, ஆக ரூ.200 நஷ்டம். பத்துப் பொட்டலத்து லாபம் ஒரே ரிட்டர்னில் போய்விடும். பல தளங்கள் உணவுப் பொருளைத் திருப்பி எடுக்காமல் பணத்தை மட்டும் கொடுக்கச் சொல்லும்; அப்போதும் 165 போகும். விலை வைக்கும்போதே இதற்கு ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் திரும்பிய சரக்குக்கு கிரெடிட் நோட் போட மறக்க வேண்டாம். அந்த நிதியாண்டு முடிந்து வருகிற நவம்பர் 30-க்குள், ஆண்டுக் கணக்கு அதற்கு முன்பே தாக்கல் செய்தால் அதற்குள், கணக்கில் காட்ட வேண்டும்.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். திரும்பி வந்த உணவுப் பொருளை, பை பிரிக்காமல் இருந்தாலும், மறுபடி விற்காதீர்கள். எந்தக் கிடங்கில், எந்த வெயிலில், எதன் பக்கத்தில் இருந்தது என்று நமக்குத் தெரியாது. நல்ல நிலையில் இருந்தால் கோழிக்குப் போடலாம், இல்லையென்றால் எருக்குழி.

அந்த அம்மாவுக்குப் பணம் திருப்பிக் கொடுத்தோம். நான் எழுதச் சொன்ன பதிலுக்கு என் பெயரிலேயே மன்னிப்பும் கேட்டேன். அவர்கள் மறுபடி வாங்கவில்லை. அந்த ஒற்றை ஸ்டாரும் அப்படியே இருக்கிறது. புதிதாக விற்க வருகிற உழவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். அடுத்தது லாட் நோட்டு. இன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் ஐந்து கட்டம் போடுங்கள்: தேதி, லாட் எண், ரிட்டர்ன் காரணம், செய்தது, செலவு. மூன்று மாதம் கழித்து அந்தக் காரணக் கட்டத்தை மட்டும் குழுவோடு உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.