செப்பில் ஒரு முகம், ஊரில் பல பெயர்கள்

கேள்வி: பழைய ஒல்லாந்தர் நூலொன்றில் பாதிரியார் ஒருவரின் செதுக்குப்படம் பார்த்தேன். அவருக்கு முன் இங்கிருந்த துறவிகளுக்கு அப்படிப் படங்கள் இல்லையா?
– வாசகர், கொடிகாமம்

பதில்: நீங்கள் பார்த்தது பிலிப்பஸ் பால்தேயஸாக இருக்கலாம். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் வந்த சீர்திருத்த சபைப் போதகர். 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான அவரது நூலில் அவர் உருவமும் நம் தேவாலயங்களும் அச்சாகின. இத்தகைய செதுக்குப்படத்துக்குச் செப்புத்தகட்டில் கோடு கீறி, கீறலில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை அழுத்தி எடுப்பார்கள். தகட்டில் இடம் வலமாகக் கீறினால்தான் தாளில் நேராக விழும்.

உங்கள் அயலூர்களான கச்சாயும் வரணியும் அந்நூலில் வருகின்றன. அங்கெல்லாம் பால்தேயஸ் பிரசங்கித்தது, பெரும்பாலும் போர்த்துக்கேயர் காலத்துப் பிரான்சிஸ்கன், இயேசு சபைத் துறவிகள் விட்டுச்சென்ற கோயில்களில்தான்.

அந்தத் துறவிகளில் பலருக்குப் படமில்லை. ஆனால் ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதியைக் குறிக்கும் ‘கோயிற்பற்று’ என்ற சொல் நிலைத்தது. அவர்களுடைய புனிதர்களின் பெயர்களும் நம்மவர் பெயர்களில் நிலைத்தன. அந்தோனிப்பிள்ளை என்றால் பிரான்சிஸ்கன் புனிதர். சவேரிமுத்து என்றால் இயேசு சபையின் சவேரியார். செப்பில் கீறியது நூலகத்தில் இருக்கிறது. பெயரில் கீறியதை வீட்டு முற்றத்தில் இன்றும் கூப்பிடுகிறோம்.